மரத்துப்போகும் ஊசியும் மறக்காத பயமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் போன் செய்து, "இந்த வருஷம் நீ பேசணும். உன் தொழிலைப் பத்தி ஏதாவது சொல்லு, போதும்" என்றார். என் தொழில் என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. மெக்கானிக்கல் படித்துவிட்டு நான் பல் மருத்துவமனைகளுக்கு நாற்காலி பொருத்துகிறேன். அந்த நாற்காலி, கம்ப்ரஸர், ஏரோட்டர், ஆட்டோகிளேவ் எது நின்று போனாலும் போய்ச் சரி செய்கிற சர்வீஸ் இன்ஜினியர். திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் என்று ஊர் ஊராகப் பை தூக்கிக்கொண்டு திரிகிறேன். ஆகையால் நான் டாக்டர் இல்லை. யாரும் மேடையை விட்டு இறங்கியதும் என்னிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பவனை யாரும் கவனிப்பதில்லை. டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் நோயாளிகள் வெளி பெஞ்சில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நம் மக்கள் பல்லுக்குப் பயப்படவில்லை, குறடுக்குக்கூட அவ்வளவாகப் பயப்படவில்லை. ஊசிக்குத்தான் பயப்படுகிறார்கள். வலியை நிறுத்தப் போடுகிற ஊசியைக் கண்டே வலியோடு வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள்!

இதற்குப் பாதிக் காரணம் நாம் வைத்த பெயர். அதை 'மயக்க ஊசி' என்கிறோம். மயக்கம் என்றதும் நம் அம்மாக்களுக்கு என்ன தோன்றும்? நினைவு தப்பிவிடும், எழுந்திருப்போமோ மாட்டோமோ என்று தோன்றும். "மயக்கம் தெளிய எத்தினி நேரம் ஆவும்? சாயங்காலம் மாடு புடிச்சிக் கட்டணுமே" என்று ஒரு அம்மா கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். மயக்க ஊசி என்பதால் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நினைத்து, காலையில் கஞ்சிகூடக் குடிக்காமல் வருகிறார்கள். சர்க்கரை நோய்க்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வருகிறார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறது. "பாத்தியா, ஊசி போட்டதும் மயங்கிட்டாரு" என்று ஊருக்குள் பேச்சு. மயங்கியது பசியாலும் பயத்தாலும். பழி மட்டும் ஊசிக்கு.

உண்மையில் பல்லுக்குப் போடுவது மயக்க ஊசி இல்லை. மரத்துப்போகிற ஊசி. போட்ட பக்கத்து உதடு, ஈறு, சில சமயம் நாக்கின் ஒரு பாதி, அவ்வளவுதான் மரத்துப் போகும். நீங்கள் முழு நினைவோடு இருப்பீர்கள். டாக்டர் பேசுவது கேட்கும். முழு மயக்கம் கொடுப்பது வேறு. அதற்கு மயக்க மருத்துவர் வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், வெறும் வயிறும் வேண்டும். இந்த இரண்டையும் நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதுதான் குழப்பம்.

நண்பர்களே, இதை நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் வீட்டுக் கதை.

எங்களுக்குக் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில், மலை மேற்கே தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அப்பா மணிலா போடுகிற விவசாயி. (வேர்க்கடலையை எங்கள் பக்கம் மணிலா என்றுதான் சொல்வோம்.) அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, 1972 வாக்கில், கடைவாய்ப் பல் வலி. சந்தையில் பாய் விரித்துப் பல் பிடுங்குகிற ஒரு ஆளிடம் தாத்தா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடிக்க, குறடு போட்டு இழுத்ததில் பல் பாதியில் முறிந்தது. வேரை அப்புறம் தோண்டி எடுத்தானாம். அப்பா இதை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். அதுவும் பாதியில் நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் பல் டாக்டரிடம் போனதே கிடையாது. 2015-ல் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வலிக்க ஆரம்பித்தது. அவருக்கு அப்போது சர்க்கரையும் இருந்தது. கிராம்பு வைத்துப் பார்த்தார். புகையிலையை அடக்கிப் பார்த்தார். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல்லில் இருக்கிற புழு விழும் என்று யாரோ சொல்ல, அதையும் பிடித்தார். பல்லில் புழுவே கிடையாது. சொத்தை என்பது பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கிப் பல்லை அரிப்பது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டு இரண்டு மாதம் ஓட்டினார். எனக்குத் தெரியக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். ஊர் ஊராகப் பல் நாற்காலி சரி செய்துகொண்டிருந்த மகன், சொந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பக்கமாகவே மென்றதைப் பார்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் ராத்திரி அம்மா போன். "அப்பாவுக்குத் தாடைக்குக் கீழ வீங்கியிருக்குடா, எச்சி முழுங்க முடியல" என்றார். நான் போய்ப் பார்க்கும்போது கழுத்து இரண்டு பக்கமும் கல் மாதிரி இறுகி, நாக்கு மேலே தூக்கி, பேச்சு குழறுகிறது. பல்லின் வேரிலிருந்து சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. 1836-லேயே லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அவர் பெயரால்தான் இந்த நோயைச் சொல்கிறார்கள். மூச்சுக்குழாயை அடைத்து ஆளைக் கொல்லக்கூடியது. ஆஸ்பத்திரியில், வாய் திறக்க முடியாததால் முழு மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் இறக்குவதே ஆபத்து என்றார்கள். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர் விழித்திருக்கும்போதே கழுத்துத் தோலில் மரத்துப்போகிற ஊசி போட்டுக் கீறிச் சீழை எடுத்தார்கள். எந்த ஊசிக்குப் பயந்து ஓடினாரோ, அதே ஊசிதான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. பதினொரு நாள் இருந்தோம். அந்தத் தழும்பு இப்போதும் அவர் கழுத்தில் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து வாய் நன்றாகத் திறந்ததும், அந்தப் பல்லை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்த பிடியில் அவர் விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஊசி போட்டு டாக்டர் ஐந்து நிமிஷம் விட்டார். உதடு தடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் வேலையைத் தொடங்கினார். சற்று நேரம் பொறுத்து அப்பா, "எப்ப சார் புடுங்கப் போறீங்க?" என்றார். டாக்டர் தட்டைக் காட்டினார். பல் அதில் கிடந்தது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றும் பேசவில்லை, வாயில் பஞ்சு. வேட்டவலம் ரோடு தாண்டினதும் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு, "அந்த சந்தைக்காரன் கையில இந்த ஊசி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. அந்த ஊசி அப்போது எங்கே இருந்தது?

மயக்க மருந்தை உலகத்துக்குக் கொடுத்தவர்களே பல் டாக்டர்கள்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1844 டிசம்பரில் அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்ற ஊரில் சிரிப்பு வாயுவை வைத்து ஒரு வேடிக்கை நிகழ்ச்சி. வாயுவை முகர்ந்த ஒரு ஆள் காலில் அடிபட்டு ரத்தம் வடிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். கூட்டமெல்லாம் சிரித்தது, ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் மட்டும் யோசித்தார். மறுநாளே அந்த வாயுவைத் தானே முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை! ஆனால் 1845-ல் பாஸ்டனில் மாணவர்கள் முன்னால் செய்து காட்டியபோது, வாயுப் பையைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள், நோயாளி கத்தினார், கூட்டம் ஏமாற்று வேலை என்று கேலி செய்து அனுப்பிவிட்டது. அவரிடம் பழகிய மார்ட்டன் என்ற இன்னொரு பல் டாக்டர் ஈதரைக் கொண்டு 1846 அக்டோபர் 16 அன்று அதே பாஸ்டனில் வெற்றி பெற்றார். வெல்ஸ் 1848-ல், மனம் உடைந்து, 33 வயதில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். ஒரு டெமோ சொதப்பியதால் ஒரு நல்ல கண்டுபிடிப்பு தப்பென்று ஆகிவிடாது. புராஜெக்ட் வைவாவுக்குப் போகிற தம்பிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. குளோரோபாம் பாதுகாப்பானதா என்று ஆராய ஹைதராபாத் நிஜாம் ஆதரவில் 1888-லும் 1889-லும் இரண்டு குழுக்கள் கூடின. உலகமே அதன் முடிவைப் பற்றி வாதாடியது. அதே ஹைதராபாத்தில் படித்த ரூபா பாய் பர்தூன்ஜி உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று போற்றப்படுகிறார்.

ஆளை மயக்காமல் இடத்தை மட்டும் மரக்க வைக்கும் வழி 1884-ல் வந்தது. வியன்னாவில் கார்ல் கொல்லர் கோகெயினைக் கண்ணில் விட்டு அறுவை செய்து காட்டினார். உடனே அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் அதைக் கீழ்த்தாடை நரம்பருகே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். பாவம், அவரே அதற்கு அடிமையாகிவிட்டார். அடுத்து நோவொகெயின். 1943-ல் ஸ்வீடனில் லோப்கிரேன் லிக்னோகெயினைத் தயாரித்தார். அவருடைய மாணவர் லுண்ட்க்விஸ்ட் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார். 1948-ல் அது சைலோகெயின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்றைக்கும் நம் பல் டாக்டர்கள் பெரும்பாலும் போடுவது அதுதான்.

கணக்குப் போடுங்கள். கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1920. மருந்து கடைக்கு வந்தது 1948. அதே 1948-ல் பல் மருத்துவர்களுக்கான சட்டமும் வந்தது. சென்னையில் அரசுப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது 1953. என் அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூர் சந்தையில் பல் பிடுங்கியது 1972. மருந்து இருந்தது, சட்டம் இருந்தது, கல்லூரியும் இருந்தது. எங்கள் ஊர் வரைக்கும் வரவில்லை. கண்டுபிடிப்பது ஒரு வேலை. கொண்டு சேர்ப்பது இன்னொரு வேலை. இன்ஜினியர்களாகிய நமக்கு இரண்டாவது வேலை கொஞ்சம் நன்றாகவே புரியும்.

இப்போது ஊசி எப்படி வேலை செய்கிறது என்று நம் பாஷையில் பார்ப்போம். நரம்பு தாமிரக் கம்பி மாதிரி இல்லை. அமைதியாக இருக்கும்போது அதன் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. வலி வரும்போது அதன் சுவரில் உள்ள வாசல்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அந்த அலை வரிசையாக மூளை வரை போகும். லிக்னோகெயின் நரம்புக்குள்ளே நுழைந்து, உள்பக்கமாக நின்று அந்த வாசலை அடைத்துவிடுகிறது. அலை அங்கேயே நின்றுவிடும். பல் அங்கே கத்திக்கொண்டுதான் இருக்கும், மூளைக்குக் கேட்காது.

"எனக்கு ஊசி போட்டும் வலிச்சுதே" என்கிறவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுதான் நரம்பின் சுவரைத் தாண்டும். லிக்னோகெயினின் பி.கே.ஏ. 7.9. உடம்பின் சாதாரண பி.எச். 7.4-ல் நூற்றுக்கு 24 மூலக்கூறுகள் அப்படி இருக்கும். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை அடையும். பி.எச். 6.5-க்கு இறங்கினால் நூற்றுக்கு நான்குதான் தேறும். அதோடு, வீங்கிய இடத்து நரம்பே எரிச்சலோடு இருக்கும். ஆகவேதான் வீக்கம் முற்றிய பிறகு ஊசி சரியாகப் பிடிப்பதில்லை. பயந்து தள்ளிப்போட்டால், அந்தப் பயம் கடைசியில் நிஜமாகவே ஆகிவிடுகிறது.

அளவு? 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். 1.8 மில்லி கார்ட்ரிட்ஜில் 36. உடல் எடையில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கவனமான கணக்குப்படி 60 கிலோ ஆளுக்கு 264 மில்லிகிராம், அதாவது ஏழு கார்ட்ரிட்ஜ். ஒரு பல்லுக்கு ஒன்றிரண்டு போதும். ஆனால் 15 கிலோ குழந்தைக்கு எல்லை 66 மில்லிகிராம். இரண்டு கார்ட்ரிட்ஜ்கூட இல்லை! குழந்தைக்குப் போடுகிறவர் படித்துப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ரத்தம் அந்த மருந்தைச் சீக்கிரம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அட்ரினலின் துளி சேர்ப்பார்கள். போட்டதும் நெஞ்சு படபடப்பது சிலருக்கு அதனால், பலருக்குப் பயத்தால். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், ஏதாவது மருந்து ஒவ்வாமை, எது இருந்தாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்று இன்னும் நம்புகிறார்கள். பல்லுக்குப் போவது ஐந்தாவது மூளை நரம்பின் கிளை. பார்வை நரம்பு இரண்டாவது. லைனே வேறு.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தவர்களில் பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் கிருமி தொற்றி, எட்டுப் பேர் இறந்தார்கள். 2025-ல் வெளியான ஆய்வு, சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டிலைக் காரணமாகக் காட்டியது. அங்கே தப்பு செய்தது மரத்துப்போகிற மருந்து இல்லை, சுத்தமில்லாத கை. ஆட்டோகிளேவ் சரி செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதுச் சிரிஞ்ச், புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் பெரியப்பா ஒருவர், "ரமண மகரிஷிக்கு 1949-ல கையில நாலு தரம் ஆபரேஷன் பண்ணாங்க. அவரு தாங்கலியா?" என்பார். தாங்கினார், உண்மைதான். அவர் மகான், பெரியப்பா. நாம் பல் வலிக்கு மணிலாக் கொல்லையில் சுருண்டு படுக்கிறவர்கள். வலியைத் தாங்குவதை ஆண்பிள்ளைத்தனம் என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம். என் அப்பா தாங்கினதெல்லாம் கடைசியில் கழுத்தில் வந்து நின்றது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் வருஷா வருஷம் பல் பரிசோதனை முகாம் நடத்துகிறது; நல்ல காரியம். டார்ச் அடித்துப் பார்த்து, பேஸ்ட் கொடுத்து, "நாலு பல் சொத்தை" என்று சீட்டெழுதி அனுப்புவதோடு அது நின்றுவிடுகிறது. சீட்டு வாங்கினவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போனார்கள் என்று இந்த வருஷம் நாம் எண்ணிப் பார்ப்போம். போகாதவர்களை ஒரு வேன் வைத்து அழைத்துப் போவோம். டீசல் செலவுக்கு என் பங்கை இன்றைக்கே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மெக்கானிக்கல் பேட்ச் நண்பர்கள் யார் யார் வருகிறீர்கள் என்று சாப்பாட்டுப் பந்தியில் நேரிலேயே கேட்கப் போகிறேன், தப்பிக்க முடியாது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு வேலை இன்னும் சுலபம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாவும் அம்மாவும் பாட்டியும் எந்தப் பக்கமாக மெல்லுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே பக்கமாக மென்றால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "மயக்க ஊசி இல்ல, உதடு மட்டும் ரெண்டு மூணு மணி நேரம் மரத்துப் போவும், அவ்வளவுதான். சாப்பிட்டுட்டுக் கிளம்பு, நான் கூட வரேன்" என்று சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு உதடு மரத்திருக்கும் வரை சூடான காபி கொடுக்காதீர்கள். குழந்தையாக இருந்தால் உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் 2015-ல் செய்யத் தவறியதை நீங்கள் இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலேயே செய்துவிடலாம்.

என் அப்பா இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பல் டாக்டரிடம் போகிறார். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்குத் தைரியம் சொல்வதற்காகத் தன் கழுத்துத் தழும்பைக் காட்டினாராம். 1972-ல் நடந்த அந்தச் சந்தைக் கதையையும், இந்தத் தடவை முழுசாகச் சொன்னாராம்.